முந்நூறு பேர் வகுப்பா, பதினைந்து பேர் வகுப்பா?

இரண்டு இடத்திலும் அட்மிஷன் கிடைத்துவிட்டது. ஒன்று, நாற்பதாயிரம் பேர் படிக்கிற அரசுப் பல்கலைக்கழகம். இன்னொன்று, மொத்தமே இரண்டாயிரம் பேர் இருக்கிற கல்லூரி. எதில் சேர்வது? வருடம் தவறாமல் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்துவிடுகிறார். நான் படித்தது முதல் வகை இடத்தில். பிற்பாடு சில காலம் பாடம் நடத்தியது இரண்டாம் வகை இடத்தில். அதனால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் பேசுவேன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு அட்டவணை இருக்கும். தரவரிசையில் எத்தனையாவது இடம், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், நூலகத்தில் எத்தனை லட்சம் புத்தகம், சராசரி வகுப்பில் எத்தனை பேர். அந்த எண்களில் பொய் இருக்காது. ஆனால் முடிவெடுக்கிறவருக்கு அதில் பாதி உதவாது. எப்படி என்று காட்ட, கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு துறையில் பத்து வகுப்புகள் நடக்கின்றன என்று வையுங்கள். ஒன்பது வகுப்புகளில் தலா 10 பேர். பத்தாவது, எல்லாரும் எடுத்தே ஆக வேண்டிய அடிப்படைப் பாடம். அதில் 210 பேர். பத்து வகுப்புக்கு மொத்தம் 300 பேர், ஆக சராசரி 30 என்று துறை தன் கையேட்டில் போடலாம். கணக்கு சரிதான். இப்போது அந்த 300 பேரையும் வரிசையில் நிற்கவைத்து, உன் வகுப்பில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். 90 பேர் பத்து என்பார்கள். 210 பேர் இருநூற்றுப் பத்து என்பார்கள். இந்தப் பதில்களின் சராசரி 150. துறை சொன்னதைப் போல ஐந்து மடங்கு. பெரிய வகுப்பில்தான் ஆள் அதிகம் என்பதால், நீங்கள் போய் உட்காரப்போவதும் அநேகமாக அங்கேதான்.

ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். முதல் நான்கு செமஸ்டரில் நான் எடுக்க வேண்டிய பாடங்கள் எவை, போன வருடம் அவை ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிலிருந்து வகுப்புகள் மளமளவென்று சுருங்கிவிடும். நான் கடைசி வருடம் எடுத்த ஒரு பாடத்தில் எண்ணி ஒன்பது பேர். முதல் இரண்டு வருடத்தைத் தாக்குப்பிடிப்பதுதான் விஷயம்.

அந்த முதல் இரண்டு வருடம் எப்படி இருக்கும்? எனக்கு முதலாண்டு இயற்பியல் வகுப்பில் 300 பேருக்கு மேல். பேராசிரியர் வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், யார் வேண்டுமானாலும் தன் அறைக்கு வந்து சந்தேகம் கேட்கலாம் என்று முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டார். ஆறாவது வாரம், இடைத்தேர்வில் ஒரு கணக்குக்குப் பாதி மதிப்பெண் போனதைக் கேட்கப் போனேன். வாசலில் பெரிய வரிசை நிற்கும் என்று அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பினேன். அங்கே ஒருவரும் இல்லை. சுவரோரம் நான்கு நாற்காலி, நான்கும் காலி. அவர் கையிலிருந்த தாள்கட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்காரச் சொன்னார். மதிப்பெண் திரும்பக் கிடைக்கவில்லை, நான் செய்தது தப்புத்தான். ஆனால் அந்தக் கணக்கில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போனது. கிளம்பும்போது, வெள்ளிக்கிழமைகளில் தன் ஆய்வகத்தில் ஒரு கூட்டம் நடக்கும், வந்து பின்னால் உட்கார்ந்து கேள் என்றார். அந்த செமஸ்டரில் தேர்வுக்கு முந்தைய வாரத்தை விட்டுவிட்டால் மூன்று பேர்தான் அவர் அறைப் பக்கம் வந்தோமாம். அவரே பின்னால் சொன்னார்.

சிறிய கல்லூரியில் இதே கதை தலைகீழாக நடக்கும். 15 பேர் வகுப்பில் ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் நடைபாதையில் அவனைப் பிடித்து என்னப்பா ஆச்சு என்று கேட்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. வீட்டுக்கணக்கில் ஒரே தப்பை இரண்டு முறை செய்தால் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவோம். கோடையில் என்னோடு ஒரு சின்ன ஆய்வு செய்கிறாயா என்று நாங்களே கேட்போம், ஏனென்றால் எங்களுக்கும் வேறு ஆள் கிடையாது.

பெரிய இடத்தில் முதல் அடியை மாணவர் எடுத்துவைக்க வேண்டும், சிறிய இடத்தில் அநேகமாக ஆசிரியரே எடுத்துவைத்துவிடுவார். என் கணக்கில் மற்ற வேறுபாடுகளெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

சரி, அந்த அடியை எடுத்துவைக்கிறவருக்குப் பெரிய இடம் என்ன தரும்? டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1920–21இல் நடந்ததைச் சொல்கிறேன். ஃப்ரெடரிக் பேண்டிங் என்ற இளம் மருத்துவர் கணையத்திலிருந்து நீரிழிவுக்கு மருந்து எடுக்கலாம் என்ற யோசனையோடு பேராசிரியர் மெக்லியாடிடம் வந்தார். மெக்லியாட் அவருக்கு ஆய்வகத்தில் இடம் கொடுத்து, உதவிக்குத் தன் மாணவர்கள் இரண்டு பேரைக் காட்டினார்: சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். 1921 கோடையில் யார் முதலில் வேலை செய்வது? இருவரும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்ட் ஜெயித்தார். அப்போதுதான் இளங்கலை முடித்திருந்தார், வயது 22. தன் முறை வந்தபோது நோபிள் அவரையே தொடரச் சொல்லிவிட்டார். அந்த வேலையிலிருந்துதான் இன்சுலின் வந்தது. 1923இல் பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது பேண்டிங் தன் பங்கில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார்.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த நாணயத்தைவிட, அதைச் சுண்டுகிற இடத்தில் இரண்டு மாணவர்களும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரி இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் மையம் இருந்தது. இளங்கலை படித்துக்கொண்டே மார்க் ஆண்ட்ரீசன் அங்கே வேலை செய்தார். மையத்தின் ஊழியர் எரிக் பினாவோடு சேர்ந்து அவர் எழுதிய மொசைக் உலாவி 1993இல் வெளிவந்தது. வைய விரிவு வலையை எழுத்தும் படமும் ஒன்றாகத் தெரிகிற பக்கமாகச் சாதாரண மக்களுக்குக் கொண்டுபோனது அதுதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைத் திருத்தி வெளியிட்டவர்களுக்கு முன்னால் நின்றவர் பில் ஜாய் என்ற ஆய்வு மாணவர். இவர்கள் மூன்று பேருக்கும் பொதுவானது, பக்கத்து அறையில் ஏற்கெனவே ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பது.

உடனே பெரியதுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஓபர்லின் என்ற சிறிய கல்லூரியிலிருந்தும் ஒரு கதை உண்டு. அங்கே வேதியியல் நடத்தியவர் ஃபிராங்க் ஜூவட். அலுமினியம் அன்றைக்கு விலை உயர்ந்த உலோகம். அதை மலிவாகப் பிரிக்க வழி கண்டுபிடிப்பவர் பெரும் பணக்காரராவார் என்று அவர் வகுப்பில் சொல்வாராம். சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற மாணவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஜூவட் தன் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார், பொருட்களைக் கொடுத்தனுப்பினார், யோசனை சொன்னார். ஹால் 1885இல் பட்டம் வாங்கி, அடுத்த பிப்ரவரியில் வீட்டோடு ஒட்டிய விறகுக் கொட்டகையில் மின்பகுப்பு முறையில் அலுமினிய உருண்டைகளை எடுத்துவிட்டார். உடன் இருந்து பார்த்தவர் அக்கா ஜூலியா. அவரும் அதே கல்லூரியில் வேதியியல் படித்தவர். ஏறக்குறைய அதே சமயம் பிரான்சில் பால் ஈரூவும் அதையே கண்டுபிடித்தார். அலுமினியம் இன்றும் ஹால்–ஈரூ முறையில்தான் எடுக்கப்படுகிறது.

ஹாலுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆசிரியர், சில மின்கலங்கள், ஒரு கொட்டகை. ஆண்ட்ரீசனுக்குத் தேவைப்பட்டது ஒரு தேசிய கணினி மையம். உங்களுக்குப் பிடித்த பாடம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். கணிதம், தத்துவம், இலக்கியம், வரலாறு இதெல்லாம் பேசிப் பேசி, எழுதி எழுதி, எழுதியதை யாராவது சிவப்பு மையில் திருத்தித்தந்து வளர்கிற படிப்புகள். நாற்பது பக்கக் கட்டுரையை வரி வரியாகப் படித்துத்தர 200 பேர் வகுப்பின் ஆசிரியருக்கு நேரம் இருக்காது, மனது இருந்தாலும். விண்வெளி இயற்பியல், பொறியியல், மருத்துவம் பக்கம் உள்ள ஆராய்ச்சி எல்லாம் கருவியையும் ஆள்பலத்தையும் கேட்பவை.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. பெரிய ஆய்வகத்தில் விலை உயர்ந்த கருவி இருக்கும். அதன் முன்னால் முனைவர் பட்ட மாணவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். நீங்கள் முதல் செமஸ்டர் முழுக்கக் குழாய் கழுவி, எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். நான் இருந்த சிறிய கல்லூரியில் மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி ஒன்றே ஒன்று, அதுவும் பழையது. ஆனால் அங்கே முனைவர் பட்டப் படிப்பே கிடையாது, அதனால் இரண்டாம் ஆண்டு மாணவிதான் அதன் சாவியை வைத்திருந்தாள். மாதிரியை உள்ளே இறக்குவது, காந்தப்புலத்தைச் சரிசெய்வது, கோளாறு என்றால் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவது எல்லாம் அவள்தான். எந்தக் கருவி இருக்கிறது என்று கேட்கிறவர்கள், அதை யார் தொடுகிறார்கள் என்றும் கேட்டுவிடுவது நல்லது.

மேற்படிப்பு நோக்கம் உள்ளவர்கள் இன்னொரு புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்குகிறவர்கள் இளங்கலையை எங்கே படித்தார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். தலை எண்ணிக்கையில் பார்த்தால் பெர்க்லி போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் மேலே நிற்கும். பட்டம் வாங்கிய நூறு பேரில் எத்தனை பேர் என்று பார்த்தால் ரீட், ஸ்வார்த்மோர் போன்ற சின்னஞ்சிறு கல்லூரிகள் மேலே வந்துவிடும். அவரவருக்குச் சாதகமான பட்டியலை அவரவர் காட்டுவார்கள். இரண்டாவது பட்டியல்தான் நேர்மையானது என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். ஆனால் ஆராய்ச்சிக்குத்தான் போக வேண்டும் என்று பதினேழு வயதிலேயே முடிவு செய்தவர்கள்தான் அந்தக் கல்லூரிகளைத் தேடிப் போகிறார்கள். கல்லூரி செய்ததையும் அவர்கள் கொண்டுவந்ததையும் எப்படிப் பிரிப்பது?

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடங்களில் அனுமதி பெற்ற மாணவர்களை ஒப்பிட்டார்கள். அதிகக் கெடுபிடியான கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் அதைவிட எளிதில் இடம் தருகிற கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் பிற்காலச் சம்பளத்தில் பொதுவாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வித்தியாசம் இருந்தது. அது பெயரைப் பற்றிய ஆய்வு, அளவைப் பற்றியது இல்லை. ஆனாலும் தரவரிசைப் பட்டியலோடு வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பாடத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு வருவோம். இன்னும் எதைப் படிப்பது என்று தெரியாதவருக்குப் பெரிய இடம் ஒரு வரம் என்பார்கள். உண்மைதான், மொழியியலில் தொடங்கிப் புவியியலில் முடித்தவர்களை எனக்குத் தெரியும். பத்துப் பேர்கூட எடுக்காத பாடத்தையும் பெரிய இடத்தால்தான் தாங்கிப்பிடிக்க முடியும். பெர்க்லியில் ஜார்ஜ் ஹார்ட் பல ஆண்டுகள் தமிழ் நடத்தியது அப்படித்தான். ஆனால் கணினி அறிவியல் மாதிரி எல்லாரும் கேட்கிற துறைகளில், பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டாலும் துறைக்குள் நுழைய இன்னொரு வாசல் வைத்திருக்கிறார்கள் பல இடங்களில். முதலாண்டு மதிப்பெண் இவ்வளவு இருந்தால்தான் இடம். சேருவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. சிறிய கல்லூரியில் வாசல் திறந்தே கிடக்கும். ஆனால் உள்ளே போனால், உங்களுக்கு வேண்டிய பாடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும், நடத்துகிறவரும் அந்த வருடம் பார்த்து விடுப்பில் போயிருப்பார்.

நூலகத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. இணையத்தில் ஆய்விதழ்களும், நூலகங்களுக்கிடையே இரவல் முறையும் வந்த பிறகு இளங்கலை மாணவருக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

யாரும் கேட்காத, ஆனால் நான் மணிக்கணக்கில் பேசுகிற விஷயம் பரிந்துரைக் கடிதம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் மூன்று பேர் எழுதித்தர வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் எடுத்த மாணவர்கள் கடைசி வருடம் தவிப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ‘இந்த மாணவர் என் வகுப்பில் 280 பேரில் நான்காவதாக வந்தார்’ என்று பேராசிரியர் எழுதுவார். அதற்குமேல் எழுத அவரிடம் ஒன்றும் இருக்காது. அதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடுமே. சிறிய கல்லூரியில் நான் எழுதிய கடிதங்கள் இரண்டு பக்கம் ஓடும். எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டாள், எத்தனை நாள் விடாமல் உட்கார்ந்தாள், கடைசியில் எப்படி வெளியே வந்தாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் படிக்கிறவருக்கு என் பெயர் தெரியாது. பெரிய இடத்துப் பேராசிரியரின் பெயர் தெரியும். படிக்கிறவருக்குப் பெயர் தெரிந்த ஒருவர், மாணவரை நன்றாகத் தெரிந்து எழுதும் ஒரு கடிதம் கிடைத்தால் அதற்கு ஈடு கிடையாது. அதற்குப் பெரிய இடத்தில் இரண்டாம் ஆண்டிலேயே ஓர் ஆய்வகத்திலோ கருத்தரங்கிலோ காலை ஊன்றிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டு கடைசியில் யோசித்தால் நேரம் போதாது.

இதெல்லாம் கூச்ச சுபாவம் உள்ளவருக்குப் பெரிய இடம் ஆகாது என்கிற மாதிரி கேட்கலாம். அப்படிச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கதவைத் தட்டாதவர்கள் எல்லாரும் கூச்சப்படுகிறவர்கள் கிடையாது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருகிறவருக்கு, அந்தக் கதவு தட்டுவதற்காகத்தான் இருக்கிறது என்பதே தெரியாது. பேராசிரியரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று மரியாதையாக ஒதுங்கி நிற்பார். நல்ல பெரிய பல்கலைக்கழகங்கள் இதைப் புரிந்துகொண்டு வழி செய்திருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் முதல் இரண்டாண்டு மாணவர்களை ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களோடு நேரடியாகச் சேர்த்துவிடும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாதியில் படிப்பை விடுகிறவர்களைத் தக்கவைப்பதுதான் அதன் முதல் நோக்கம். பென்சில்வேனியா ஸ்டேட் போன்ற இடங்களில் ஹானர்ஸ் கல்லூரி என்று ஒன்றை உள்ளேயே நடத்துகிறார்கள்: பெரிய இடத்துக்குள் ஒரு சிறிய இடம், சின்ன வகுப்புகள், கட்டாய ஆய்வேடு. இந்த மாதிரி ஏற்பாட்டில் உங்களுக்கு இடம் உறுதியாகியிருந்தால் நான் பெரிதாக யோசிக்கவே மாட்டேன், பெரியதில் சேருங்கள் என்பேன். சேர்ந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் சொன்னால் அதை இல்லை என்றே கணக்கில் வையுங்கள்.

சிறியதில் தொடங்கிப் பெரியதுக்கு மாறுகிற வழியும் உண்டு. கலிபோர்னியா 1960இல் போட்ட உயர்கல்வித் திட்டத்தில் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் பாதையை அமைப்பிலேயே கட்டிவைத்தார்கள். அப்படிப்பட்ட பாதை இருக்கும் இடத்தில் இது புத்திசாலித்தனம். இல்லாத இடத்தில், எந்தப் பாடம் செல்லும் எந்தப் பாடம் செல்லாது என்று ஒரு வருடம் கையில் தாளோடு அலைய வேண்டியிருக்கும்.

அந்தத் திட்டத்தை முன்னின்று வரைந்த கிளார்க் கெர், 1963இல் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மல்ட்டிவர்சிட்டி என்ற பெயரைப் பிரபலப்படுத்தினார். ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே பல ஊர்கள் மாதிரி. ஒரு துறையில் இளங்கலை மாணவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள், அடுத்த கட்டடத்தில் அவர் இருப்பதே தெரியாது. பல்கலைக்கழகம் நல்லதா என்று கேட்பதை விட்டுவிட்டு அந்தத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிற இரண்டு பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பெயர் தெரிந்த பேராசிரியர் எத்தனை பேர்?

போன வருடம் வந்த பெண் உயிரியல் படிக்கிறவள். இரண்டு இடத்தையும் எடைபோட்டுத் தூக்கம் கெட்டுப்போயிருந்தாள். அறிவுரை சொல்வதற்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். இரண்டு இடத்திலும் அவளுக்குப் பிடித்த தலைப்பில் வேலை செய்கிற ஆசிரியர்களைத் தேடி, அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்து, உண்மையிலேயே புரியாத ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வந்தாள். சிறிய கல்லூரியிலிருந்து அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டதாம், நீளமாக, அன்பாக. பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்று பேருக்கு எழுதியதில் ஒருவர் மட்டும், ஒன்பது நாள் கழித்து, நாலே வரியில் எழுதியிருந்தார்.

“அந்த ஒன்பது நாளும் என்ன செய்தாய்?” என்று கேட்டேன்.

“அஞ்சாவது நாள் அவருக்கே இன்னொரு தடவை எழுதினேன் சார். முதல் கேள்வியை நான் சரியாகக் கேட்கலையோ என்று தோணுச்சு. அதான் வேற மாதிரி கேட்டேன்.”

பெரியதில் சேரச் சொன்னேன்.